ஒருத்தியாக்கப்பட்ட இருவர்

மாடிப்படியில் யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆளின் நடைதான். ஆனால் ஒரு கால் வெறுங்காலாகவும், மறு கால் கனத்த தோல் செருப்புக்குள்ளும் இருந்தது. மெத்தென்று ஒரு ஓசை, டக்கென்று ஒரு ஓசை. மூன்றாம் மாடித் திருப்பம் வரை நிதானமாக வந்த அந்தக் காலடி அங்கேயே நின்றுவிட்டது. அவள், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வந்திருந்த தன் நாவலின் புரூஃப் தாள்களிலிருந்து தலையைத் தூக்கிக் காத்திருந்தாள். அழைப்புமணி அடிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். நாள் முழுதும் பெய்த மழையின் ஈர வாடையும், அதற்குள் சூடான இஸ்திரிப் பெட்டி துணியில் பட்டால் வருமே, அந்த வாடையும் படிக்கட்டில் தேங்கி நின்றன. ஆள் இல்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடியும் மேசைக்கு வந்தாள்.

கல்லூரியில் அவள் சரித்திரம் கற்பித்தாள். விடுமுறைகளில், போரில் உயிர் தப்பிய பெண்களைத் தேடிப்போய்ப் பேசவைப்பாள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை எழுதி, அந்த அட்டைகளிலிருந்து நாவல் செய்வாள். இது ஐந்தாவது. கதாநாயகி ஒரு தையற்காரி. தெரு எரிந்த நாளில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரைத் துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். சிப்பாய்கள் வந்து அடிக்கிறார்கள். அடி தாங்காமல் மேசையைச் சுட்டிக்காட்டிவிடுகிறாள்.

நிஜத்தில் அவர்கள் இரண்டு பேர். ஒளித்துவைத்தவள் தையற்காரி. காட்டிக்கொடுத்தவள் எதிர்வீட்டுக்காரி, ஒரு அடிகூட வாங்காமல், தானாக வந்து விரலை நீட்டியவள். அந்த இரண்டு அட்டைகளையும் முதுகோடு முதுகாகப் பசை தடவி ஒட்டியது இவள்தான். பதிப்பாசிரியர் சந்தோஷத்தில் குதித்தார். “சூப்பர் மேடம்! ரெண்டு பொம்பளைங்களுக்குத் தனித்தனியா அழ வாசகனுக்கு ஏது நேரம்? ஒருத்தியே போதும். அவளுக்கே எல்லாத்தையும் குடுங்க.”

இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் சம்மதம் சொன்னால் அச்சு ஓடத் தொடங்கிவிடும்.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. அந்த மூன்று பிள்ளைகளில் பிழைத்த ஒருத்தி. இப்போது எழுபது தாண்டிய, ஓய்வுபெற்ற நர்ஸ்.

“புரொபசரம்மா, பத்திரிகையில உங்க கதையிலேர்ந்து ஒரு பக்கம் வந்திருக்கு. மருமக படிச்சுக் காட்டினா.”

“சொல்லுங்கம்மா.”

“தையக்கார அக்கா எங்கள காட்டிக்குடுத்தான்னு போட்டிருக்கே?”

“அது கதைம்மா. பேரெல்லாம் மாத்திட்டேன்.”

“பேர மாத்தினா அக்காவுக்குத் தெரியாமப் போயிடுமா?” மறுமுனையில் மூச்சு வாங்கியது. “துப்பாக்கிக் கட்டையாலயே அடிச்சாங்கம்மா. பல்லு உதிருது, அவ வாயத் தொறக்கல. அப்புறம்தான் எதிர்வீட்டுக்காரி வந்து கைய நீட்டினா. மத்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அக்கா எம்மேல விழுந்து மறைச்சுக்கிட்டா. அவ ஒடம்பு சில்லிட்டுப் போற வரைக்கும் அடியிலதான் கெடந்தேன். அவளுக்குக் கல்லறை இல்ல, போட்டோ இல்ல, புள்ளகுட்டி இல்ல. சொல்லாம செத்தாங்கறது ஒண்ணுதான் அவ சொத்து. அதையும் புடுங்கிடாதீங்க.”

அவள் புரூஃப் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“நான் வேணா பஸ் புடிச்சு வரேன். சூடா டீ போட்டுத் தரேன். உக்காந்து மாத்துங்க தாயி. எனக்கும் பொழுது போகும்.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. மாத்தலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றுவதென்றால் ஆறு அத்தியாயங்களைப் பிரித்துப்போட வேண்டும். புத்தகக் கண்காட்சி தவறிப்போகும். இந்த வருடப் பரிசும் போகும்.

“பாக்கறேம்மா,” என்றாள்.

“சரி. சாமி உங்களுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்,” என்று சொல்லி அந்தக் கிழவி வைத்துவிட்டாள். வேண்டுதல்போலத்தான் சொன்னாள்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் அவள் பதிப்பாசிரியருக்கு எழுதினாள்: ‘அச்சிடலாம்.’ அனுப்பினாள்.

மெத்து. டக்.

இந்த முறை ஓசை படிக்கட்டில் இல்லை. தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம், புத்தக அலமாரிகளுக்கு நடுவே, மழை மேகம் ஜன்னலை அடைத்திருந்த கூடத்தில், அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. இஸ்திரி வாடை தொண்டையில் இறங்கியது. கருகிய துணி. அதற்கும் கீழே, ரத்தம்.

வாசல் திரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள்.

இரண்டு பாதி முகங்கள் வகிட்டிலிருந்து தாடைவரை கறுப்பு நூலால் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. இடது பாதி இளைத்த முகம். வலது பாதி சதைப்பிடிப்பான முகம். இடது கண் அழுதுகொண்டிருந்தது. வலது கண் அறையை அளந்துகொண்டிருந்தது. இடது கையில் ஊசி குத்திய வடுக்கள். வலது கையில் வளையல்கள்.

வலது கை எழுந்தது. அலமாரியில் இருந்த பித்தளைச் சிலையை எடுத்தது. இடது நெற்றிப்பொட்டில் இறக்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம்.

மறுபடியும். மறுபடியும். இடது கை தடுக்கவே இல்லை. வளையல்கள் குலுங்கின. ரத்தம் புரூஃப் தாள்களில் தெறித்து, வரிகளின் மேல் வழிந்தது.

“நிறுத்து!” என்று அவள் அலறினாள். “நான் மாத்திடறேன்! இப்பவே மாத்திடறேன்!”

தொலைபேசியைத் தேடினாள். விரல்கள் வழுக்கின. அச்சகத்திலிருந்து செய்தி வந்திருந்தது: ‘ஓட ஆரம்பிச்சாச்சு மேடம்.’

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். ஒன்றல்ல. பத்து, இருபது.

இடது கை நீண்டு வந்தது. அவள் பிடரியைப் பற்றியது. வலிக்காமல், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல. மேசைக்கு அடியில் அவளைத் தள்ளியது. நாற்காலியில் கிடந்த சால்வையை இழுத்து மேசை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டது.

கதவு உடைந்தது.

துப்பாக்கிக் கட்டைகள் அந்தத் தைத்த உடலின் மேல் இறங்கின. சதையில் ஒரு மாதிரி. எலும்பில் வேறு மாதிரி. ஒரு பல் தரையில் உருண்டு வந்து அவள் முழங்காலில் முட்டியது. இன்னொரு பல். யாரும் கத்தவில்லை. அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஜெபம் சொல்லப் பார்த்தாள். மன்னிப்பு என்ற ஒரு சொல்லுக்குமேல் எதுவும் வரவில்லை.

அந்த உடல் சரிந்தது. சால்வை இடுக்கில் முகம் தரையோடு வந்து கிடந்தது. அவளுடைய முகத்துக்கு நேராக. ஒரு சாண் தூரத்தில்.

உதட்டின் இடப்பக்கம், உடைந்த தாடைக்குமேல், இறுக மூடியிருந்தது.

வலப்பக்கம் மெல்ல விரிந்தது. தையல் ஒவ்வொன்றாக அறுந்தது.

“இங்கதான்,” என்றது அந்தப் பாதி வாய். “இன்னும் ஒருத்தி இருக்கா.”

பூட்ஸ் முனைகள் மேசைப் பக்கம் திரும்பின. யாரோ சால்வையைப் பிடித்து இழுத்தார்கள். கட்டைகள் அந்த விரல்களின் மேல் இறங்கின. ஒவ்வொரு விரலாக நசுங்கியது.

இடது கை சால்வையை விடவில்லை.