அரை மாத்திரை

2020-ஆம் ஆண்டு ஜூன் பதினேழாம் நாள், புதன்கிழமை. அந்நாளைப் பற்றிய என் குறை இது: பிறந்து ஒரு நாள்கூட நிறையாத என் பேத்தியைப் பத்தொன்பது மணிநேரம், எவரும் பாலூட்டாமல், எவரும் தொட்டுப் பாராமல், மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் கோடியறையில் போட்டுவைத்தார்கள். இதை அன்றே மனுவாக எழுதி உரியவர்களிடம் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை. அந்த மனுவில் இரண்டு செய்திகளை நான் மறைத்துவிட்டேன். அவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முதல் நாள் நண்பகலில் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். அவளுக்கு நிறைமாதம். மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. பரிசோதனையில் கொரோனா என்று உறுதியாகியிருந்தது. மருமகனும் அதே நோயோடு வீட்டில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தார். எனக்கு மட்டும் நோய் இல்லை என்று முடிவு வந்ததால், துணைக்குப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கட்டடம் பழையது. நடைவழியில் கால் வைத்ததும் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் பிய்ந்து வந்தது. சன்னல்களையெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். வெளியே உச்சிவெயில் கொளுத்த, உள்ளே அந்திப்பொழுதின் இருட்டு. கழற்றி எறிந்த கையுறைகள் குப்பைத்தொட்டியில் நிரம்பி வழிந்து, தோலுரித்த விரல்களைப் போலத் தொங்கின. கிருமிநாசினியின் நெடிக்கு அடியில் இன்னொரு நாற்றம் படுத்திருந்தது. திரிந்த பாலின் நாற்றம். முகக்கவசத்தின்மேல் கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். அப்படியும் அது தொண்டைக்குள் இறங்கிற்று.

நடைவழியின் கோடியில் ஒரு கதவு இருந்தது. அதில் ஒட்டிய தாளில், பேனாவால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'தொற்றுஅற்ற குழந்தைகள்'.

நோய்த்தொற்று இல்லாத குழந்தைகளுக்கான அறை அது. பொருள் சரி, எழுத்துப் பிழை. 'தொற்று' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்பது குற்றியலுகரம். அரை மாத்திரை அளவே ஒலிப்பது. அடுத்து ஓர் உயிரெழுத்து வந்தால், அந்த உகரம் தன் மெய்யை விட்டு விலகி, வரும் உயிருக்கு இடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே 'தொற்றற்ற' என்பதே சரி. முப்பத்தோர் ஆண்டு விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதலில் நடுவே நின்ற அகரத்தை அடித்தேன். அடுத்து, 'று'வின் வாலை நறுக்க வேண்டும்.

அதற்குள் பின்னாலிருந்து மகள் அழைத்தாள். "அப்பா, முடியலப்பா."

பனிக்குடம் உடைந்திருந்தது. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன்.

மாலை நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மணிக்குள் அதற்கும் பரிசோதனை செய்து, தாயின் நோய் பிள்ளைக்கு இல்லை என்று சொன்னார்கள். மருத்துவர் நல்லவர். தாய் கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்துகொண்டு தாராளமாகப் பால் கொடுக்கலாம், பிரித்துவைக்க வேண்டியதில்லை என்று என் காதுபடச் சொல்லிவிட்டே போனார். ஆனால் செய்ய வேண்டியவர்களுக்கு அச்சம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று, பணியிலிருந்த செவிலியர் குழந்தையைக் கோடியறைத் தொட்டிலில் கிடத்தினார். சிறிது நேரத்தில் அவருடைய பணிநேரம் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னை வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மறுநாள் காலையில் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்று முறையும் ஒரே விடை: "அது நல்லா இருக்கு சார். அழவே இல்லை." குழந்தை என்னும் சொல் அஃறிணை முடிபையே கொள்ளும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். அன்று மட்டும் அந்த 'அது' எனக்குப் பிழையாகப் பட்டது. ஒரு பொட்டலத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்கள்.

பகல் ஒரு மணிக்கு மகள் கைப்பேசியில் அழைத்தாள். இருமலுக்கு இடையிடையே பேசினாள். "அப்பா, இன்னும் பாப்பாவை என்கிட்டக் கொண்டு வரலைப்பா. கேட்டா தூங்குதுங்கறாங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எப்படிப்பா தூங்கும்?"

நான் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. உள்ளே நடந்தேன்.

நடைவழி நீண்டுகொண்டே போயிற்று. பாதிவழியில் மின்விசிறிகளின் இரைச்சல் நின்றுவிட்டது. கோடியறையை நெருங்க நெருங்க நாற்றம் கெட்டிப்பட்டது, நாக்கில் புளித்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

சப். சப். சப்.

பால் குடிக்கும் சத்தம்.

அப்பாடா, யாரோ ஊட்டுகிறார்கள் என்று எண்ணிக் கதவைத் தள்ளினேன்.

எஃகு முக்காலியில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் பச்சை அங்கி. முதுகுப்புற நாடாக்களைக் கட்டாமல் விட்டிருந்தாள். திறந்து கிடந்த முதுகு, நீரில் ஊறிய காகிதத்தின் நிறத்தில் இருந்தது. படுக்கைவிரிப்பின் மடிப்புகள் அதில் ஆழமாகப் பதிந்து, நிமிராமல் நின்றன. காதின் பின்புறம் ஆக்சிஜன் குழாயின் நாடா அறுத்த புண்ணில் ஈரம் மினுங்கியது. அவிழ்ந்த கூந்தல் முக்காலிக்குக் கீழேவரை நனைந்து தொங்கியது. மடியில் என் பேத்தியின் சிறு கால்கள் தெரிந்தன.

"யாரம்மா நீ?" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"அவளுக்குப் பசி," என்று கிசுகிசுத்தாள். "யாரும் வரலை."

அவளுக்கு என்றாள். அதுக்கு என்று சொல்லவில்லை.

செவிலியரை அழைக்க நடைவழிப் பக்கம் தலையைத் திருப்பினேன். கண்ணிமைக்கும் நேரந்தான். மீண்டும் பார்த்தபோது முக்காலி வெறுமையாக இருந்தது. குழந்தை தொட்டிலில் கிடந்தது. அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை. இருந்த ஒரு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முக்காலியின் காலில் ஏதோ வழிந்தது. சாம்பல் நிறப் பால். அதன்மேல் ஆடை படிந்திருந்தது. தரையைத் தொட்டதும் அந்த ஆடை சுருங்கிச் சுருங்கி நகர்ந்தது. எதற்கும் குமட்டியறியாத நான், முகக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தேன்.

குழந்தையை அள்ளினேன். உடல் சில்லென்றிருந்தது. உயிர் இருந்தது. கடைவாயில் சாம்பல் நிறத்தில் ஈரம். மூடிய கைக்குள் ஒரு முடி சிக்கியிருந்தது; இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. என் மகளின் முடி தோளைத் தாண்டாது. இது இரண்டு முழம்.

நான் கூவி அழைத்ததைக் கேட்டுத் தலைமைச் செவிலியரும், தரை துடைக்கும் அம்மாளும் வந்தார்கள். இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பத்தொன்பது மணிநேரம் இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார் என்று கேட்டேன். யாருமில்லை என்று தெரிந்தது. நோயுள்ள குழந்தைகளைப் பார்க்கக் கவச உடையணிந்த தனிச் செவிலியர் உண்டு. இது அவருடைய வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவருடைய பட்டியலிலோ இந்தக் குழந்தை இல்லை. இதற்குத்தான் நோயே இல்லையே. இரண்டு பட்டியல்களுக்கு நடுவே ஓர் உயிர் விழுந்து கிடந்திருக்கிறது.

"நோயில்லாத குழந்தையை நோயுள்ளதென்று யார் சொன்னது?" என்றேன்.

தரை துடைக்கும் அம்மாள் துடைப்பத்தின் பிடியால் கதவைக் காட்டினார். "எங்களை ஏன் சார் முறைக்கிறீங்க? இங்கதான் எழுதியிருக்கே. தொற்றுற்ற குழந்தைகள்னு. இதைப் படிச்சுட்டு யாரு சார் உள்ள போவா?"

படித்தேன்.

தொற்றுற்ற. தொற்று உற்ற. தொற்றைப் பெற்ற.

நான் அகரத்தை அடித்திருந்தேன். 'று'வின் வாலை அடிக்கவில்லை. 'அற்ற' என்று எழுதியிருந்த கதவை, 'உற்ற' கதவாக ஆக்கிவிட்டுப் போயிருந்தேன்.

"அரை மாத்திரை," என்று என் வாய் முணுமுணுத்தது.

தலைமைச் செவிலியர் திடுக்கிட்டார். "மாத்திரையா? ஐயோ, குழந்தைக்கு நாங்க எந்த மாத்திரையும் கொடுக்கலை சார்."

"யாரோ பெரிய டாக்டர்தான் செவப்பு மையில அடிச்சுத் திருத்தியிருக்காருன்னு நெனச்சோம்," என்றார் அந்த அம்மாள். சொல்லிக்கொண்டே என் சட்டைப்பையைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். "நீங்க வாத்தியாருங்களா?"

நான் பையைக் கையால் மூடிக்கொண்டேன். அருவருப்பு என்னும் சொல்லுக்குப் பொருளை அந்தக் கணத்தில்தான் முழுதாகக் கற்றேன். நான் மறைத்த முதல் செய்தி இது.

இரண்டாவதை அந்த அம்மாளே சொன்னார். தலைமைச் செவிலியர் போனபின், வேறெங்கோ பார்த்தபடி, முக்காலியின் அடியில் இருந்ததைப் பழகிய கையோடு துடைத்துக்கொண்டே சொன்னார். போன வாரம் ஒருத்தி வந்தாளாம். எட்டாம் மாதத்தில் கொரோனா, மூச்சு முட்டியது, அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளைக்கு நோய் இல்லை; இந்த அறையில்தான் வைத்திருந்தார்களாம். ஒரு முறை காட்டுங்கள், ஒரு வாய் பால் கொடுக்கிறேன் என்று அவள் நான்கு நாள் கேட்டாளாம். காட்டவில்லை. ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள். பிள்ளை நலமாகத் தகப்பனோடு வீடு சேர்ந்தது.

"அதை அவகிட்டச் சொல்ல ஆளில்லையே சார்," என்றார் அந்த அம்மாள். "தெனமும் இந்த ஈரத்தைத் தொடைக்கிறேன். நேத்துச் சாயங்காலந்தான் போர்டைப் பார்த்துட்டு உள்ள வரலை."

குழந்தையை மகளிடம் கொண்டுபோனேன். முகக்கவசம் அணிந்து, சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். மார்பில் சேர்த்ததும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. குமட்டி, வாய் நிறையச் சாம்பல் நிறத்தில் திரிதிரியாகக் கக்கியது. பிறகு நடைவழியின் பக்கம் வெகுநேரம் பார்த்தது.

"என்னப்பா இவ மேல இந்த நாத்தம்?" என்றாள் மகள்.

மருந்து வாடை என்றேன். அவள் விடவில்லை, கன்னத்தைத் தடவித் தடவி, மறுபடி மறுபடி மார்பில் சேர்த்தாள். அரைமணி நேரம் கழித்துக் குழந்தை வாய் திறந்து பற்றியது. மகள் அழுதாள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மகள் தேறிவிட்டாள். பேத்தி நலம். எடை வயதுக்குச் சற்றுக் கூடுதல் என்று மருத்துவர் மகிழ்ந்தார். இவ்வளவு பாலா கொடுக்கிறாய் என்று என் மகளைப் பாராட்டினார். மகளுக்கு விளங்கவில்லை. பகல் ஒரு மணிக்கு, வீட்டார் உண்ணும் நேரத்தில், தொட்டிலருகே உள்ள நாற்காலி ஈரமாகிறது. எவரும் பார்ப்பதற்குமுன் நான் துடைத்துவிடுகிறேன். துடைத்த துணியைக் கொல்லைக்கு அப்பால் எரிக்கிறேன்.

அந்தக் கதவுத் தாளைக் கிழித்து வந்து, பூட்டிய பேழையில் வைத்திருக்கிறேன். விட்ட திருத்தத்தை முடிப்பதற்காக, 'று'வின் வாலைச் சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் பார்த்தால் தாள் நனைந்து புளித்த நாற்றம் அடித்தது. என் கோடு கரைந்துபோய், வால் மட்டும் புதிதாக நின்றது. ஏழு முறை அடித்துவிட்டேன். இன்று காலையும் நிற்கிறது. அவளுக்கு அந்தச் சொல் அப்படியே இருக்க வேண்டும் போலும். எவரும் நுழைய அஞ்சும் கதவுக்குப் பின்னால்தானே அவளுக்குப் பிள்ளை கிடைத்தது.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஓர் அறையில் வைத்திருந்தால், கதவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். திறந்து உள்ளே போங்கள். குழந்தை அழவே இல்லை என்று எவரேனும் சொன்னால் நிம்மதி கொள்ளாதீர்கள்.

யார் பால் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.