எங்கள் வகுப்பில் எடிசன்

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"ஆசிபா, பெஞ்சு ஆடுதுடி!" என்று அருள்மொழி என்னைக் கிள்ளினாள்.

ஆடாமல் என்ன செய்யும்? வில்லியனூர் கட்டுரைப் போட்டிக்கு விஜயகுமாரி மிஸ் இன்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். போன வருடம் காய்ச்சலில் படுத்துக் கோட்டை விட்டேன். இந்த முறை நான் போயே ஆக வேண்டும். தலைப்பு, 'விடாமல் கற்போம்'. புகழ்பெற்ற ஒருவரை உதாரணம் காட்ட வேண்டும்.

முதலில் முத்துக்குமரன் வாசித்தான். "பல்பு எரியும் முன் எடிசன் பலமுறை தோற்றார்..."

அடுத்து அருள்மொழி. அவளுக்கும் எடிசன்தான்.

ஐயோ! என் கட்டுரையிலும் அவரேதான். எல்லாம் பாகூரில் எங்கள் அத்தா கடையில் விற்கும் கைடிலிருந்து எடுத்தது. "சூப்பரா இருக்கு, வாங்குங்கடி" என்று ஊருக்கே சொன்னது சாட்சாத் நானேதான்!

அரிகரன் எழுந்து, "எடிசன்..." என்றதுமே வகுப்பே "பல்பு!" என்று கத்தியது. ஒரே சிரிப்பு. அவன் முகம் சுண்டிப்போய்ப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பாவமாக இருந்தது.

"அடுத்து, ஆசிபா."

கட்டுரையை மடித்து வைத்தேன். எழுந்து நின்றேன்.

"மிஸ், எழுதினதை வாசிக்கல. வேற சொல்லட்டுமா?"

"சொல்லு."

"எடிசன் பாவம் மிஸ், காலையிலேருந்து நிக்கிறார். கொஞ்சம் உக்காரட்டும். நம்ம ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு அரிகரன் குட்டித் தெருவிளக்கு செஞ்சான்ல? எரியவே இல்ல. நாங்க கேலி பண்ணிட்டு சாப்பிடப் போயிட்டோம். திரும்பி வந்து பார்த்தா, அவன் சோறுகூட தின்னாம ஒயரைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தான். கடைசியா அந்த எல்.இ.டி. விளக்கைத் திருப்பி மாட்டுனதும் எரிஞ்சுது. அவன் கத்துன கத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார்! எடிசனை நான் கைடுலதான் பார்த்தேன் மிஸ். விடாம கத்துக்கிறதை இவன்கிட்டதான் பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அரிகரன் காது சிவந்துவிட்டது.

"இதையே எழுதிக் குடு. வில்லியனூருக்கு நீதான் போற" என்றார் மிஸ்.

நான் துள்ளிக் குதித்தேன்.

"ஆனா புகழ்பெற்றவர் ஒருத்தர் வரணுமே?" என்று மிஸ் யோசித்தார்.

பின்பெஞ்சிலிருந்து அரிகரன் குரல் வந்தது. "இன்னா மிஸ், அவ அங்க போயி வாசிச்சிட்டா நான் புகழ்பெற்றவன்தானே!"