கண்ணை மூடிய வகுப்பு

கன்னக்குழிக்குக் கோபம் வந்தால் கன்னத்தில் குழி விழாது. மூக்கு மட்டும் சிவக்கும். அன்று காலையிலிருந்தே அவள் மூக்கு சிவந்துதான் இருந்தது.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் சொல்வதில்லை. அது காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அங்கே பெயரைக் கையால்தான் சொல்வார்கள். ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகினால் கன்னக்குழி. பல்லைத் தட்டிக் காட்டினால் முன்பல், அதாவது அவள் பக்கத்தில் உட்காரும் பையன். இந்தக் கைப்பெயரை யாரும் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் பார்த்து வைத்தால்தான் உண்டு.

இந்தக் கதையில் பிள்ளைகள் பேசுவதெல்லாம் சைகையில் பேசியது. கையால் பேசுகிறவர்கள் வாயாடிகளாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பல் தூக்கத்தில்கூடக் கையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பான்.

"பயிற்சி அக்காவுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று அவன் அன்று கேட்டான்.

"ஒரு பேரும் வேண்டாம்" என்றாள் கன்னக்குழி.

பயிற்சி அக்கா ஆசிரியர் கல்லூரியில் படிக்கிறவர். பாடம் நடத்திப் பழகுவதற்காக இந்தப் பள்ளிக்கு வந்திருந்தார். பேச ஆரம்பிக்கும் முன் சட்டைக் கைகளை முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொள்வார், பாத்திரம் தேய்க்கப் போகிறவர் மாதிரி. நல்ல அக்காதான். ஆனால் முந்தாநாள் ஒரு காரியம் செய்துவிட்டார்.

கன்னக்குழி வகுப்பின் முன்னால் நின்று, அவள் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை பீரோவுக்குள் புகுந்து அப்பாவின் புதுச் சட்டைமேல் ஏறிய கட்டம். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சி அக்கா எழுந்து வந்தார். "விரலை இன்னும் கொஞ்சம் மடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துவிட்டார்!

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து உங்கள் வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும்? கன்னக்குழிக்கு அப்படித்தான் இருந்தது. கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கதை பாதியில் நின்றது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்கு அக்கா பாடம் நடத்துவதைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வருகிறார். பழிவாங்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

"நான் என் ஜடையைப் பிடிச்சு இழுத்ததும் எல்லாரும் கண்ணை மூடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்றாள் கன்னக்குழி.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையால் பேசுகிறவர்கள் முன்னால் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதைவிடப் பெரிய அவமரியாதை அந்தப் பள்ளியில் கிடையாது.

"பாவம் அக்கா" என்றான் முன்பல்.

"என் கையைப் பிடிச்சப்போ நான் பாவமா இல்லையா?"

முன்பல் தலையைச் சொறிந்தான். "சரி, கண்ணை மூடிக்கிட்டா நீ திறன்னு சொல்றது எப்படித் தெரியும்?"

"பெஞ்சைத் தட்டுறேன், ஆளுக்கு ஆள் தட்டி விடுங்க, போதுமா? கேள்வி கேட்டே ஆளைக் கொல்லாத."

பேராசிரியர் வந்தார். உதடே தெரியாத அளவுக்குப் பெரிய மீசை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

பாடம் மழை எப்படிப் பெய்கிறது என்பது. அக்கா பஞ்சினால் மேகங்கள் செய்து சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். சட்டைக் கையைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கடல் நீர் சூடானது. ஆவி மேலே போனது. மேகம் கறுத்தது. அக்காவின் விரல்கள் மழையாகப் பெய்வதற்கு மேலே உயர்ந்தன.

கன்னக்குழி ஜடையை இழுத்தாள்.

ஒரே இருட்டு. கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அக்கா காலைத் தட்டிக் கூப்பிடுகிறார். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு இமைக்குள்ளே சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வந்தன. விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். அப்போதும் யாரும் திறக்கவில்லை. பக்கத்தில் முன்பல் சிரிப்பை அடக்குவதில் பெஞ்சு குலுங்கியது. பிறகு எதுவுமே இல்லை.

கன்னக்குழியால் இருக்க முடியவில்லை. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள்.

அக்கா விளக்கு சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்லக் கைகளை உயர்த்தினார். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லையே! கைகள் பாதியில் அப்படியே நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கித் தொங்கின. பேராசிரியர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது சந்தோஷம் வரும் என்று கன்னக்குழி காத்திருந்தாள். அது வரவில்லை. அவசரமாகப் பெஞ்சைத் தட்டினாள்.

மழை பெய்தது. ஆனால் வெறும் தூறல்தான். அக்காவின் விரல்களில் தெம்பே இல்லை.

வகுப்பு முடிந்ததும் அக்காவும் பேராசிரியரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நடுவில் கண்ணாடிச் சுவர். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பதில் கன்னக்குழி கெட்டிக்காரி. ஆனால் பேராசிரியரின் மீசையைத் தாண்டி எதையும் படிக்க முடியவில்லை. அக்காவின் உதடுகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

"அவங்க மேல தப்பில்லை சார். தப்பு என் மேலதான் இருக்கும்."

கன்னக்குழி கண்ணாடியை விட்டு விலகிவிட்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மதியம் வகுப்பு டீச்சர் வந்தார். கோபத்தில் அவர் கைகள் பட்பட்டென்று வெட்டின. "அக்காவுக்கு உங்களோட பேசவே தெரியலைன்னு சார் நினைக்கிறாரு. நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறாரு. அடுத்த வருஷம் வேற எங்கயாவது முதல்ல இருந்து பயிற்சி எடுக்கணுமாம். இப்ப எல்லாருக்கும் திருப்திதானே?"

பிள்ளைகள் கைகளைப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள். முன்பல்கூட.

வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு சண்டை காத்திருந்தது. அவளுடைய தம்பி வாண்டு நாலு வயதுப் பையன். காது நன்றாகக் கேட்கும், சைகையும் நன்றாக வரும், குறும்பு அதைவிட நன்றாக வரும். அவளுடைய வண்ணப் பென்சில்களை எடுத்துச் சுவரெல்லாம் யானை வரைந்திருந்தான்.

"யாரைக் கேட்டுடா எடுத்த?" என்று கன்னக்குழி கேட்டாள்.

வாண்டு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டான்.

தோளைத் தட்டினாள். இன்னும் இறுக்கினான். மறுபடி பேசக் கைகளைத் தூக்கினாள். மூடிய கண்ணிடம் என்னத்தைச் சொல்வது? அவள் கைகள் பாதியில் நின்றன. நின்ற இடத்தில் அந்தக் கைகளைப் பார்த்தாள். அக்காவின் கைகளும் இப்படித்தான் நின்றன.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வாண்டு பயந்து கண்ணைத் திறந்து, பென்சில் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு ஓடிப்போனான்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். "பென்சிலுக்கா இப்படி அழுற?"

"இல்லம்மா." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கும்மா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாம இருந்துடட்டுமா?"

அம்மா அவள் முகத்தை நிமிர்த்தினார். "நான் வந்து பேசட்டுமா?"

கன்னக்குழி மூக்கை உறிஞ்சினாள். அம்மா வந்து பேசினால் எவ்வளவு சுலபம்! ஆனால் தலையை ஆட்டினாள். "வேண்டாம். மூடச் சொன்னது நான்தானே."

மறுநாள் பள்ளி தொடங்கும் முன்பே போனாள். அக்கா ஒரு நாற்காலியில் ஏறிப் பஞ்சு மேகங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கன்னக்குழி தரையைத் தட்டினாள். அக்கா திரும்பினார்.

"எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னது நான்தான் அக்கா."

"தெரியும். ஒரே ஒரு கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. பார்த்தேன்."

ஐயோ! அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. "அப்புறம் ஏன் சார்கிட்ட சொல்லலை?"

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினார். "நீ எதுக்கு அப்படிச் செஞ்சேன்னு தெரியலையே. நான் ஏதோ தப்பு செஞ்சிருக்கேன்னு மட்டும் புரிஞ்சுது."

"பூனைக் கதை சொன்னப்போ என் கையைப் பிடிச்சீங்க."

"விரலைத் திருத்தத்தானே..." அக்கா பாதியில் நிறுத்தினார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு கன்னக்குழியின் கைகளைப் பார்த்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. "பேச்சையே நிறுத்திட்டேன், இல்ல? எனக்கு உறைக்கவே இல்லை. மன்னிச்சுடும்மா. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? என் கை ரெண்டும் உங்ககிட்டதானே இருந்துச்சு!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னக்குழிக்கும் வந்தது. ஆனால் பாதிச் சிரிப்பில் வாசலைப் பார்த்தாள். மீசை வந்துகொண்டிருந்தது.

"சார்கிட்ட நான் பேசணும்" என்றாள்.

"அவருக்குச் சைகை கொஞ்சம்தான் வரும். உன் வேகத்துக்குப் புரியாது. டீச்சரைக் கூப்பிடட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க."

அவள் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள். "சார், நேத்து கண்ணை மூடச் சொன்னது நான். அக்கா நல்லாத்தான் பேசினாங்க. எல்லாம் எங்களுக்குப் புரிஞ்சுது. பழிவாங்கத்தான் அப்படிச் செஞ்சேன்."

அக்கா அதை வாயால் சொன்னார். கன்னக்குழி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னப் பிள்ளை சார், ஏதோ விளையாட்டா செஞ்சுட்டாளாம்..."

கன்னக்குழி காலைத் தரையில் ஓங்கி அடித்தாள். "விளையாட்டுன்னு நான் சொல்லவே இல்லை! பழிவாங்கன்னு சொன்னேன். மாத்திச் சொல்லாதீங்க!"

அக்கா திருதிருவென்று விழித்தார். பிறகு வேறு வழியில்லாமல், "விளையாட்டு இல்லையாம் சார். பழிவாங்கத்தானாம். மாத்திச் சொல்லக் கூடாதுன்னும் சொல்றா" என்றார்.

மீசை அசைந்தது. உள்ளே இருப்பது சிரிப்பா, கோபமா? யார் கண்டது! பேராசிரியர் எதையோ கேட்டார். அக்கா தயங்கித் தயங்கிச் சைகையில் சொன்னார். "எதுக்குப் பழின்னு கேட்கிறாரு."

கன்னக்குழி அக்காவைப் பார்த்தாள். சொன்னால் அக்கா மாட்டிக்கொள்வார். "அது எங்களுக்குள்ள இருந்தது. தீர்ந்துபோச்சு."

அக்கா அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, தானாகவே சேர்த்துக்கொண்டார். "அவ பேசிட்டிருந்தப்போ நான் போய் அவ கையைப் பிடிச்சுட்டேன் சார். பேச விடலை."

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சம் சைகையில், விரல்களைத் தேடித் தேடிக் கன்னக்குழியிடம் பேசினார். "இவ்வளவு வேகம். அக்காவுக்கு. எல்லாம். புரியுது."

கன்னக்குழி பலமாகத் தலையாட்டினாள்.

அவர் அக்காவின் பையை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு மேகத்தை எடுத்து நீட்டினார். "ஒட்டுங்க. மழை. நான் சரியா. பார்க்கலை."

வகுப்பில் கன்னக்குழி எல்லோரிடமும் சொன்னாள். "நேத்து நான் சொன்னது மோசமான காரியம். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. இன்னைக்கு எல்லாரும் கண்ணைத் திறந்து வச்சுப் பாருங்க, ப்ளீஸ்."

"நேத்து மூடுன்ன, இன்னைக்குத் திறங்கற. நாங்க என்ன ஜன்னலா?" என்றான் முன்பல். ஆனாலும் பாடம் முழுக்க அவன்தான் இமைக்கவேயில்லை. மேகம் கறுப்பதற்கு முன்பே அவன் கண்ணிலிருந்து மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது.

நடுவில் ஆவி மேலே போகிற இடத்தில் அக்காவின் விரல் ஒன்று தப்பாக மடங்கியது. பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். அக்காவும் கவனித்துவிட்டார். கன்னக்குழியின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் அவள்முன் நீட்டினார், பிடித்துத் திருத்து என்பது போல.

கன்னக்குழி எழுந்து போனாள். அந்தக் கைகளைத் தொடவில்லை. அக்காவின் பக்கத்தில் நின்று, தன் விரல்களை மெதுவாக மடக்கிக் காட்டினாள். அக்கா பார்த்துக்கொண்டு, தன் விரல்களையும் அப்படியே மடக்கினார். ஆவி மேலே போனது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

முன்பல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சட்டைக் கையை முழங்கை வரை தள்ளிவிட்டு அக்காவைக் காட்டினான். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. அக்காவுக்குப் பெயர் வைத்தாயிற்று.

பாடம் முடிந்ததும் பேராசிரியர் அக்காவைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாகவே கிளம்பிப் போனார். பிள்ளைகளும் வெளியே ஓடினார்கள். கன்னக்குழி மட்டும் மேசை ஓரமாகத் தயங்கி நின்றாள். இன்னும் அக்காவை நேராகப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அக்கா முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "பூனை சட்டைமேல ஏறுச்சு. அப்புறம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கன்னக்குழியின் கன்னத்தில் குழி விழுந்தது. அப்பாவின் புதுச் சட்டையிலிருந்து கதையை மறுபடி ஆரம்பித்தாள்.