செயலி என்பது யார்?

கோயம்புத்தூரில் எல்லோர் கண்ணிலும் நினைவாடி பதிந்திருந்தது. பார்ப்பதையெல்லாம் சேமித்து வைக்கும் வில்லை அது. ஒவ்வொரு படத்தையும் துண்டு போட்டு, பல செயலிகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு துண்டைச் சுருக்கி மறுபடி ஒட்டிவிடும். இந்த ‘ஒருசேரச் சுருக்க’த்துக்குக் காப்புரிமை ஆரோக்கியராஜிடம் இருந்தது. மீறுகிறவரின் நினைவாடி தானாகவே இருண்டு பார்வையை மறைத்துவிடும்.

போட்டிக்கு வந்தாள் ஜுபைதா. அவள் கடையில் செயலிகளே கிடையாது. நான்கு பெண்கள் உட்கார்ந்து, படத்தின் நான்கு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பார்த்துச் சொல்வார்கள். “இங்க வெறும் வானமுங்க.” “இங்க மாமியார், மொறைக்கறாங்க.” சனங்களுக்கு இந்தச் சுருக்கம்தான் பிடித்தது.

ஆரோக்கியராஜ் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் மணிமொழி அதுவரை தோற்றதே இல்லை. மூன்று நீதிபதிகள் முன்னால் எழுந்து நின்றாள்.

“செயலின்னா செயல்படறது. மனுசனும் செயல்படறவன்தானுங்களே? அப்ப அவனும் செயலிதானுங்க.”

ஜெயித்துவிட்டாள். புதிய விளக்கம் அன்று மாலையே எல்லா நினைவாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் அவள் கணவர் சபாபதி ஒரு கல்யாணப் படத்தை நீட்டினார். “நீ மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பாரு, நான் பொண்ணு வீட்டுப் பக்கம் பாக்கறேன். யாரு வரலைன்னு சொல்லிருவோம்.”

பார்த்தார்கள். இருட்டிவிட்டது.

“ஏம்மா, கரண்டு போயிருச்சா?”

“கரண்டு இல்லீங்க,” என்றாள் மணிமொழி, சுவரைத் தடவிக்கொண்டே. “நான்தான்.”

ஊரெங்கும் இதே கதை. ஒரு எக்ஸ்ரேயை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து பார்க்க முடியவில்லை. நோயாளிகள் வரிசையில் தவித்தார்கள். அந்த வாரக் கடைசியில், சாட்சிப் படம் ஒன்றைப் பங்கு போட்டுப் பார்த்த அந்த மூன்று நீதிபதிகளுக்கும் கண் இருண்டது. மறுநாளே மறுவிசாரணை.

மணிமொழி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எக்ஸ்ரே வரிசையை நினைக்க அவளுக்கு மனசு குறுகுறுத்தது. “மனுசன் செயல்படறவனே இல்லைங்கய்யா.”

“போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களேம்மா?”

“அப்பக் கண்ணு தெரிஞ்சுதுங்கய்யா.”

நீதிபதிகள் யோசிக்கவே இல்லை. மனிதர் செயல்படுபவர் அல்லர் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லா நினைவாடிகளும் பளிச்சென்று தெளிந்தன. தெருவில் வெடி வெடித்தது. ஆரோக்கியராஜ் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது ஜுபைதா எழுந்தாள். அவளுக்கு வக்கீல் இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தது.

“ஐயா, செயல்படாதவங்க குடுத்த தீர்ப்பு செல்லுமுங்களா?”

நீதிபதிகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மெல்ல, அவர்கள் கண்ணுக்கு அறை மங்கத் தொடங்கியது.