மூடியின் உள்பக்கம்

மழை அப்போதுதான் வலுத்திருந்தது... பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே அந்தச் சிவப்புக் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஊரே திரும்பிப் பார்க்கும் வண்டிதான். ஆனால் கண்ணாடி இறங்கியதும், குழாயடியில் நின்ற அவள் பார்த்தது வண்டியை இல்லை, அந்தக் கண்களை. தூங்கி ரெண்டு நாள் ஆன கண்கள். ஆனாலும்... என்ன கண்கள்!

'ஏய், வேலையைப் பாரு' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"டேங்க் ஃபுல் பண்ணுங்க" என்றான் அவன், காதில் போனை வைத்தபடியே. "இல்லக்கா... வந்துட்டேன்க்கா... காலையில வண்டி உன் கையில இருக்கும், போதுமா?"

எந்தப் பெட்ரோல் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன், அப்பாவின் இந்தப் பங்க்குக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு பெட்ரோல் வண்டிக்கு டீசலைப் போட்டுவிட்டு அழாத குறையாக நின்றவள் அவள். சூடு கண்ட பூனை. அன்றிலிருந்து மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் குழாயைத் தொடுவதில்லை என்று ஒரு விரதமே இருக்கிறாள். இன்றும் திறந்தாள், படித்தாள். பெட்ரோலின் ஆக்டேன் எண் தொண்ணூற்றைந்து என்று பளிச்சென்று போட்டிருந்தது. நிரப்பிவிட்டாள்.

போனை வைத்துவிட்டு இறங்கியவன், குழாய்க்கு மேலே எரிந்த எண்ணைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான்.

"ஏங்க! இந்த வண்டிக்குப் போய்த் தொண்ணூத்தஞ்சா? சத்தத்தைக் கேட்டாலே தெரியாதா? தொண்ணூத்தெட்டு போடணுங்க இதுக்கு!"

"சத்தத்தைக் கேட்டுச் சொல்ல நான் என்ன ஜோசியரா சார்? இங்க வாங்க. என்ன ஒட்டியிருக்கு, நீங்களே படிங்க."

"அது கம்பெனிக்காரன் ஒட்டினது. இன்ஜினை நான் மாத்தியிருக்கேன்."

"மூடியை மாத்தலையே?"

அவன் குனிந்து அந்தச் சீட்டைப் படித்தான்.

பிறகு சொன்னான். அவன் ஒரு மெக்கானிக். அவனுடைய அக்கா மலைப்பாதைப் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவள். காலையில் அவளுக்குத் தேர்வு ஓட்டம். அக்காவுக்காக ஆறு மாதமாக ராப்பகல் பாராமல் இன்ஜினைப் பிரித்து, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை ஏற்றியிருக்கிறான். அந்த அழுத்தத்துக்குத் தொண்ணூற்றெட்டுதான் தாங்கும். குறைந்ததைப் போட்டு மேட்டில் விரட்டினால், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். பிஸ்டன் போய்விட்டால் அக்காவின் வாய்ப்பும் அதோடு போச்சு.

கோபக்காரன் என்று நினைத்தவனின் முகத்தில் இப்போது பயம்தான் இருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"சரி, காலி பண்ணிடலாம்" என்றாள்.

"எதை?"

"டேங்க்கைத்தான். அந்தப் பக்கம் டயருக்குக் காத்தடிக்கிற ஷெட் சும்மாதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளுங்க."

இருவருமாகத் தள்ளினார்கள். கூரையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவள் பின்னல் நனைந்து முதுகோடு ஒட்டியது... அவன் பார்த்தான்... பார்க்காதது போல வேகமாகத் தள்ளினான். பின் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் போகும் குழாயைக் கழற்றி, வண்டியின் பம்ப்பை வைத்தே கேன்களில் இறக்கினான். அவள் கேன் மாற்றிக் கொடுத்தாள். மற்ற நேரமெல்லாம் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் பிடித்தபடி காவல் நின்றாள்.

"என் மேலயே அடிக்கப் போற மாதிரி நிக்கிறீங்க..."

"அது நீங்க பேசறதைப் பொறுத்து."

சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் பாதி மூடிக்கொண்டன. 'கடவுளே, இது வேறயா...'

"எறும்பு மாதிரி வண்டியைக் கொண்டுவந்து தொண்ணூத்தெட்டுதான் வேணும்னு நிக்கிறவங்க உண்டு சார். அந்த வண்டி குடிக்கிறதுக்கு அது தேவையே இல்ல."

"நீங்க இன்னிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டீங்களே."

"யானைன்னா நெத்தியில எழுதி ஒட்டணும்!"

எந்த வண்டி எதைக் குடித்தால் எப்படி ஓடுகிறது, வாடிக்கையாளர்கள் வந்து என்ன சொல்கிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் சொல்லச் சொல்லக் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஆறு வருஷத்தில் அவளிடம் யாரும் அபிப்பிராயம் என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. குழாயைப் பிடிக்கும் கை, அவ்வளவுதான் அவள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்குத் தன்னையே பிடித்துப் போயிற்று. அவனையும்தான்.

கெடுத்தது கடைசி நிமிஷம். தொண்ணூற்றெட்டை நிரப்பி மூடியைச் சாத்தினாள். 'நான்தான் சொல்லியிருக்கணும்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று இவள் நின்றாள். 'நான் கேட்டிருக்கணும்' என்று இவள் சொல்வாள் என்று அவன் உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க, மூடி இன்ஸ்பெக்டர்" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

"அடுத்த தடவை ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க. எதிர்ல இன்னொரு பங்க் இருக்கு, அங்க சத்தத்தைக் கேட்டே போடுவாங்க."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடி ஏறியது. சிவப்பு வண்டி மழைக்குள் போய்விட்டது.

அடுத்த வாரம் அது மறுபடி வந்தது... எதிர் பங்க்குக்கு. அதற்கடுத்த வாரமும். சாலைக்கு இந்தப் பக்கம் துணியும் கையுமாக நின்று பார்த்தவள், துடைத்த குழாயையே மறுபடி துடைத்தாள்.

"வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தா கிரீடமா இறங்கியிருக்கும்?" என்றார் அப்பா.

"தப்பு அவரோடதுப்பா!"

"தப்பு அவரோடதுதான். ஏக்கம் யாரோடது பாப்பா?"

அன்றிலிருந்து அவள் வருகிற ஒவ்வொருவரிடமும், "இன்ஜின்ல ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பல் செட்டை மாற்றியிருப்பதாக ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம், ஒரு சின்ன வெள்ளை வண்டியில் வந்த பெண்ணிடமும் கேட்டாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுல ஒண்ணும் மாத்தலம்மா. மாத்துறவன் என் தம்பி. சிவப்பு வண்டி."

குழாயை எடுக்கப் போனவள் திரும்பினாள். "தேர்வு... என்னாச்சுங்க?"

"முதல் மூணுல வந்துட்டேன். உன்னாலதான். அவன்தான் இப்பல்லாம் சரியாச் சாப்பிடறதில்ல, ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டே ஸ்பேனரைத் தேடறான்." அக்கா கண்ணைச் சிமிட்டினாள். "நீ இப்படி எல்லாரையும் கேக்கறேன்னு போய்ச் சொல்றேன்."

மறுநாள் தூறல். அவள் அலுவலக அறையில் ஆயில் கேன்களுக்கு விலைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த உறுமல் கேட்டது. பேனா நின்றது. அது எதிர்ப்பக்கம் திரும்பவில்லை... இந்தப் பக்கம்... கூரைக்குக் கீழே.

குழாயடியில் அப்பாதான் நின்றார். மூடியைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வண்டிக்குள் இருந்தவனை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி படித்தார்.

"பாப்பா! இதுக்கு எந்தக் குழாயைப் பிடிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீயே வந்து பாரு!"

போனாள். மூடியின் உள்பக்கம் பழைய சீட்டு இல்லை. அங்கே கையெழுத்தில் மூன்று வரிகள், மழையில் கொஞ்சம் கரைந்து போய்:

'98 மட்டும். இன்ஜினை மாற்றியவன் மூடியை மாற்றவில்லை. தப்பு என்னுடையது.'

அதற்குக் கீழே புது மையில் இன்னொன்று:

'ரெண்டு வாரம் எதிர் பங்க்குக்குப் போனேன். அங்கே யாரும் மூடியைப் படிப்பதில்லை. என்னைப் படிக்கிற ஒருத்தி வேண்டும்... ஆயுசு பூராவும்.'

அவன் இறங்கி நின்றிருந்தான். அதே கண்கள். இன்றும் தூங்காத கண்கள்.

"மேல இருக்கறது... எப்ப எழுதினீங்க?"

"மறுநாள் காலையிலயே. இங்க வரத்தான் தைரியம் வரல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கக் குனிந்து, குழாயை எடுத்து மாட்டி அழுத்தினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை, 'டக்'கென்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். 'டக்'.

"டேங்க் ஃபுல்லா இருக்கு!"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"நீங்க படிக்கணும்னுதான்..."

"அன்னிக்கு நானும் கேட்டிருக்கணும்" என்றாள் மெதுவாக. "தினமும் எதிர்ப்பக்கமே பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது. இனிமே அங்க போகாதீங்க... எங்கயும் போகாதீங்க."

அவன் தலையாட்டினான்.

"பாப்பா, மூடியைச் சாத்தும்மா, எழுத்து நனையுது!" என்று அப்பா தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.