கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பூசை

பிரெஞ்சுக்காரன் கட்டிய வீட்டில் சுவர் மட்டும் நிற்பதில்லை, வரலாறே மூச்சு விடுகிறது. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். தன் மஞ்சள் வீட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் விக்டர் தினமும் இப்படித்தான் ஆரம்பிப்பார். அந்த வீட்டின் முன்பக்கத் தூண்கள் போன கோடையில் சிமெண்டில் ஊற்றியவை.

தூண் வந்த பிறகு ஒரு மூதாதையும் தேவைப்பட்டார். பழைய சாமான் கடையில் தேக்கு அலமாரி வாங்கியபோது, உள்ளே கிடந்த ஓவியத்தைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை, நாற்காலிக் கையைப் பற்றியிருந்த நீண்ட விரல்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தா மிஸ்யே அலெக்சாண்டர். சைகோனில் நீதிபதியாக இருந்தவர்" என்று வந்தவர்களிடமெல்லாம் அறிமுகப்படுத்தினார் விக்டர். நிஜமான கொள்ளுத்தாத்தா தேங்காய்த்திட்டில் மீன் கூடை சுமந்தவர். அவருக்குப் படம் கிடையாது.

அதுவரை ஒன்றும் ஆகவில்லை. கல்லறைத் திருநாளன்று மாதா கோயிலில், குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர் சொல்லிப் பூசை வைப்பார்கள். பாரீசிலிருந்து வந்திருந்த தம்பதி கூடவே நின்ற உற்சாகத்தில், விக்டர் படத்தில் இருந்தவரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சாமியாரும் பீடத்திலிருந்து வாசித்துவிட்டார்.

"இன்னாங்க இது? யார் ஊட்டு ஆளோ! நம்ம ஊட்டு ஆளுன்னு ஆண்டவர் கிட்டயே சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க?" என்றாள் மனைவி ஜாஸ்லின்.

"சும்மா இரு. அந்த வெள்ளைக்காரம்மா கண்ணு கலங்கிட்டாங்க, பாத்தியா?"

அன்று சாயங்காலமே வாசனை வந்தது. சுருட்டுப் புகை. அதற்கு அடியில், மழையில் தோண்டிப்போட்ட மண். மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். ஒரு படி, கொஞ்சம் மூச்சு வாங்கல், இன்னொரு படி. விக்டர் போய்ப் பார்த்தபோது படிகள் ஈரமாக இருந்தன.

மேலே யாரும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் குடும்பத் தலைவர் உட்காரும் நாற்காலி பின்னால் இழுபட்டிருந்தது. விக்டர் அதை உள்ளே தள்ளினார். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இழுபட்டிருந்தது.

"பப்பா," என்றாள் ஆறு வயது மகள் மெரின், "தாத்தாவுக்கு இங்க புடிக்கலியாம். அவர் ஊட்டுக்கு என்னைக் கூட்டிகிட்டுப் போறாராம்."

"எந்தத் தாத்தா?"

குழந்தை ஓவியத்தைக் காட்டவில்லை. விக்டரின் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.

"அவர் ஊடு எங்க இருக்குதாம்?"

"கீழயாம்."

ஜாஸ்லின் கணவரின் காதருகே வந்தாள். "நம்ம ஆளு இல்லன்னு சொல்லிடுங்க. நீங்கதான கூப்ட்டீங்க, நீங்கதான் அனுப்பணும். நாலு பேர் எதிர்ல சொல்லுங்க."

சனிக்கிழமை லியோனிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நான்கு மணிக்கே வானம் கறுத்துவிட்டது, மின்சாரமும் போயிற்று. கூடத்தில் விக்டர் தூண்களைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே பின்முற்றம் தெரிந்தது.

மழையில் மெரின் நடந்து போனாள். வலது கையை மேலே தூக்கியிருந்தாள், உயரமான யாரோ பிடித்திருப்பதுபோல.

எதிரே கிணறு.

ஜாஸ்லின் ஓடிப்போய் மகளின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை நகரவில்லை. வலது மணிக்கட்டில் சதை அழுந்தி, நீண்ட விரல்களின் பள்ளங்கள் தெரிந்தன.

"சொல்லுங்க!" என்று கத்தினாள்.

விக்டர் கூட்டத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டார், ஆனால் தமிழில்.

"ஐயா, நீங்க யாரோ, நாங்க யாரோ. அலமாரி வாங்குனப்போ உங்களை இனாமா குடுத்தாங்க. எங்க ஆளு மீன் கூடை தூக்குனவரு. எம் பொண்ணை உட்டுடுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

மெரின் தாயின் மேல் வந்து விழுந்தாள். கூடத்தில் சுருட்டு வாசனை அறுந்தாற்போல் நின்றது.

"என்ன சொன்னீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார் கூட்டத்தில் ஒரு பெண்மணி.

விக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது பிரெஞ்சில்தான் பதில் சொன்னார். "எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பிரார்த்தனை, மதாம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் மாடியில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். நிதானமாக.

அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் காலாப்பட்டில் ஜாஸ்லினின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாவி ஜாஸ்லினிடம் இருக்கிறது. போன வாரம் இணையத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு புதிய கருத்து வந்திருந்தது. மழைக்கு ஒதுங்கிய எங்களுக்குக் கதவைத் திறந்து, அறை அறையாகச் சுற்றிக்காட்டிய முதியவர் மிகக் கண்ணியமானவர். கைகொடுத்தபோது விரல்கள்தான் ரொம்ப ஜில்லென்று இருந்தன என்று எழுதி, ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே விக்டர், 'மெர்சி, மறுபடியும் வாருங்கள்' என்று பதில் போட்டிருக்கிறார்.