திறந்திருக்கா?

பின்சீட்டு வார் தளர்ந்திருந்தது.

குருவி அதைக் காலையில்தான் இழுத்துக் கட்டியிருந்தாள். குட்டி ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும் ஜைரோவில் தனியாகப் பறக்கிறவர்கள் மறக்கவே கூடாத வேலை அது. கூரையில்லாத அந்தச் சின்ன வண்டியில் இரண்டு சீட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பின்சீட்டுக்கு ஒரு முழம் தள்ளி எஞ்சினும் அதன் விசிறியும். ஆளில்லாத சீட்டின் வார் காற்றில் பறந்து விசிறியில் மாட்டினால் கதை முடிந்தது. அதனால் கொக்கி போட்டு, சீட்டின் முதுகோடு ஒட்டும்வரை வாரை இறுக்கிவிட வேண்டும். கொக்கி இப்போதும் போட்டபடியேதான் இருந்தது. ஆனால் வாருக்கும் சீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. அதுவும் கொஞ்சம் தொந்தி போட்ட ஆள்.

"என்னங்க, இந்த வாரைத் தொட்டீங்களா?"

கொட்டகைக்குள்ளிருந்து அவள் கணவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அந்தப் பறப்புப் பயிற்சிக் களத்தின் ஒரே மெக்கானிக் அவன். "துடைக்கும்போது தளர்த்தியிருப்பேன். இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

"தளர்த்திட்டு மறுபடி கொக்கியும் போட்டீங்களா?"

"போட்டிருப்பேன், விடு."

அவள் வாரைப் பிடித்து இழுத்து இறுக்கினாள். கொட்டகை நிழலிலேயே கிடந்த வண்டி அது. இருந்தும் வார் கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரமாக அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. அது அண்ணனின் சீட்டு. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், களத்தின் பயிற்சியாளன். குருவி என்று அவளுக்குப் பேர் வைத்தவனும் அவன்தான். கற்றுக்கொள்கிறவரை முன்னால் உட்கார வைத்து, பின்னால் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, வண்டி தரையை விட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே "போச்சு!" என்று சொல்லி எஞ்சினைத் தணித்துவிடுவான். அவன் "போச்சு" என்றால் எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். உடனே வண்டியின் மூக்கைத் தாழ்த்து. முரட்டுத்தனமாகத் தள்ளாதே, தாழ்த்து. வேகம் இருந்தால் தலைக்குமேல் ரோட்டர் இறக்கை சுற்றும். அதைச் சுற்றுவது எஞ்சின் இல்லை, காற்று. எதிரில் என்ன நிலம் இருக்கிறதோ அதில் இறங்கு. ரன்வே பின்னால் இருக்கிறதே என்று ஆசைப்படாதே. திரும்பாதே.

ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். அப்படிப்பட்டவன், மூன்று வாரத்துக்கு முன் முன்சீட்டில் தனியாகப் போன அன்று, ஏறும்போது எஞ்சின் நின்றதும் ரன்வேயை நோக்கித் திரும்பினான், விழுந்தான், செத்தான். விசாரணைக்கு வந்தவர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: பயிற்சியாளர் திரும்பினார். பார்த்த சாட்சி ஒருவன்தான், அவள் கணவன்.

குருவிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நீ எப்படி அண்ணா திரும்பலாம் என்று மூன்று வாரமாக மனதுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செத்தவனோடு சண்டை போட்டால் அவன் எங்கே பதில் சொல்லப்போகிறான்? இன்றைக்கு அதே பாதையில் ஏறிப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று தோன்றியது. அண்ணன் ஓட்டியது நொறுங்கிப் போயிருந்தது. இது களத்தின் இன்னொரு வண்டி, அதே ரகம், மஞ்சள் நிறம்.

மாலை வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரன்வேயின் முனையில் எஞ்சின் சூடேறி, பெட்ரோலும் காய்ந்த புல்லும் கலந்த வாசனையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கணவன் பக்கத்தில் வந்து நின்றான். இனி ஒரே ஒரு கேள்வி பாக்கி.

பெட்ரோல் வால்வு பின்சீட்டின் காலடியில், தாழ்வாக இருக்கிறது. முன்னால் இருப்பவர் உடம்பை முறுக்கித் திரும்பினால்தான் கண்ணில் படும். அதனால் அண்ணன் வைத்த பழக்கம் இது: ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை, கையைத் தூக்கிக் கேட்பார், தரையில் நிற்பவர் குனிந்து பார்த்துச் சொல்வார். முன்னால உக்காந்தவன் முன்னாலதான் பாக்கணும், பின்னால பாக்கத்தான் மாப்ளே இருக்கானே என்பான் அண்ணன்.

"திறந்திருக்கா?"

கணவன் குனிந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். "திறந்திருக்கு."

ரோட்டர் மெல்லச் சுழன்று, பிறகு வேகமெடுத்து, தலைக்குமேல் நிழலும் வெளிச்சமுமாக விசுக் விசுக்கென்று வெட்டத் தொடங்கியது. குருவி வண்டியை விட்டாள். ரன்வே நழுவியது, முன்சக்கரம் எழுந்தது, அதிர்வு சட்டென்று அடங்கியது, தரை கீழே போனது. ஹெட்செட்டில் எஞ்சினின் இரைச்சல். அதற்கு அடியில் இன்னொன்று.

ஒரு மெல்லிய விசில். வரும், நிற்கும். வரும், நிற்கும்.

அண்ணனுக்கு ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். பின்சீட்டில் அவன் இருந்தால் ஹெட்செட்டில் அந்த விசிலும் கூடவே வரும். அண்ணா, மூக்கைச் சிந்திட்டு வா என்று அவள் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! பின்சீட்டு ஹெட்செட்டை இன்று அவளே கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

காற்றுதான், என்று சொல்லிக்கொண்டாள். கழுத்து வியர்த்தது. காற்றுதான்.

நூறடி. நூற்றைம்பது.

"போச்சு."

காதுக்குள். தெளிவாக. கொஞ்சம் சலிப்போடு, எப்போதும் சொல்கிற மாதிரியே.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கை யோசிக்கவில்லை. மூக்கைத் தாழ்த்தியது. எஞ்சினைத் தணித்தது. எதிரில் அறுவடை முடிந்த வயல், மஞ்சளாக, அகலமாக. அதை மட்டும் பார்த்தாள். விசில் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது. திரும்பாதே. நிலம் விரிந்தது. திரும்பாதே. கடைசி நொடியில் ஓட்டும் ஸ்டிக்கை இழுத்தாள், வண்டி மூக்கைத் தூக்கி, தாளடிகள் நொறுங்க இறங்கி நின்றது. நின்றதும் எஞ்சின் இரண்டு முறை இருமியது. தானாகவே அணைந்தது.

ரோட்டர் சுற்றி ஓயும்வரை குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, பக்கத்தில் நின்று பார்த்தாள்.

வார் தளர்ந்திருந்தது. வால்வு மூடியிருந்தது.

குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல்தான் அவளை நூற்றைம்பது அடிக்குத் தூக்கியிருக்கிறது. அந்தக் குரல் கேட்காமல் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால், உச்சியில் வைத்து எஞ்சின் கைவிட்டிருக்கும். 

கணவனின் ஜீப் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. கைரேடியோவோடு வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்தான். "என்ன ஆச்சு? அடி ஏதும் பட்டுச்சா?"

"திறந்திருக்குன்னு சொன்னீங்க."

"திறந்துதான் இருந்துச்சு."

"மூடியிருக்கு. வந்து பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. "இல்ல குருவி, சத்தியமா! இந்தத் தடவை நான் குனிஞ்சு, கண்ணால பாத்துட்டுதான் சொன்னேன்."

இந்தத் தடவை.

வயலில் எங்கோ ஒரு பூச்சி கிரீச்சென்று கத்தி நின்றது. சொன்னவனுக்கும் தான் சொன்னது கேட்டுவிட்டது. 

"அப்போ போன தடவை?" என்றாள் குருவி.

"குருவி..."

"போன தடவை பாக்கலையா?"

அவன் தாளடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எஞ்சின் சூடேறினப்புறம் பெட்ரோல் குழாய்ல ஒரு க்ளிப் கசிஞ்சுது. வால்வை மூடிட்டு முறுக்கினேன். மறுபடி திறக்கல. அவன் கையைத் தூக்கிக் கேட்டான். பத்து வருஷமா அதே கேள்வி, அதே பதில். வாய்ல தன்னால வந்துடுச்சு. நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"விசாரணையில அவன் திரும்பிட்டான்னு சொன்னீங்களே."

"திரும்பினான்தானே! எஞ்சின் நின்னதும் நேராத்தான் போனான். நடுவுல உடம்பைத் திருப்பிப் பின்னால வால்வைத் தேடினான். கையோட ஸ்டிக்கும் போச்சு, வண்டியும் சாய்ஞ்சு சுத்திடுச்சு. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. அவங்களா அப்படி எழுதிக்கிட்டாங்க."

ஒரே வார்த்தை. வண்டி திரும்பினாலும் திரும்பினதுதான், மனுஷன் திரும்பினாலும் திரும்பினதுதான். அதை வைத்தே அண்ணனின் தலையில் பழியைக் கட்டிவிட்டு, ராத்திரி அவள் பக்கத்திலேயே படுத்து, அவள் அழாததைப் பார்த்து முதுகைத் தடவிக்கொடுத்தவன் இவன். விடு குருவி, அவன் விதி என்று சொன்ன வாய் இதே வாய்தான். 

"வால்வு திறந்து இருந்ததா எழுதியிருக்காங்களே."

"முதல்ல ஓடினது நான்தான். கை தன்னால போய்த் திறந்துடுச்சு."

"அப்போ அண்ணன் உயிரோட இருந்தானா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னான். "பாத்துட்டுத்தான் இருந்தான்."

 வானத்தில் மேகம் திரண்டு, வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. அவன்தான் எழுந்தான். வேலை தெரிந்தவனுக்கு மனசு கலங்கினால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். வால்வைத் திறந்து, திறந்த நிலையிலேயே கம்பி சுற்றி முறுக்கிக் கட்டினான். "அதிர்வுல மூடியிருக்கும். மழை வரப்போகுது. வாய்க்கால் இருக்கு, இழுத்துட்டுப் போக முடியாது. நானே பறந்து கொண்டுபோறேன், நீ ஜீப்பை எடுத்துட்டு வா. வீட்ல போய் பேசிக்கலாம்."

குருவி பின்சீட்டு வாரைச் சீட்டோடு ஒட்ட இறுக்கினாள். அவன் முன்னால் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, முன்னாலேயே பார்த்தபடி கையைத் தூக்கினான். பழக்கம்!

"திறந்திருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். கம்பி சுற்றியபடி வால்வு திறந்தே இருந்தது. நிமிர்ந்தபோது கண் எதிரில் பின்சீட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வார் மெல்ல, ஒவ்வொரு விரற்கடையாக, முன்னால் நகர்ந்தது. உள்ளே யாரோ மூச்சை இழுத்து வயிற்றை நிரப்பிக்கொள்கிற மாதிரி. கொஞ்சம் தொந்தி போட்ட ஆள். பிறகு நின்றது.

 கத்தலாம். அவன் தோளைப் பிடித்து இழுக்கலாம். ஆனால் அவன் கேட்டது வாரைப் பற்றி இல்லையே.

"திறந்திருக்கு," என்றாள்.

வண்டி தாளடியில் ஓடி எழும்பியது. குருவி அவன் விட்டுப்போன கைரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் எஞ்சின் இரைச்சல். அதற்கு அடியில் விசில்.

நூறடி. நூற்றைம்பது.

"போச்சு, மாப்ளே."

எஞ்சின் நின்றது.

கணவனின் குரல் ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும். அவனுடையது, வேகமாக. இன்னொன்று, நிதானமாக. பிறகு ஒன்றுதான். நிதானமானது.

வண்டி திரும்பவில்லை. மூக்கைத் தாழ்த்தியது. நேராகப் போனது. அடுத்த வயலில், பாடம் நடத்துகிற மாதிரி, அத்தனை மெதுவாக இறங்கியது. அவ்வளவு அழகாக அவள் கணவன் ஒருநாளும் இறக்கியதில்லை.

குருவி வண்டியின் பின்னாலிருந்து, ஒரு பக்கமாக ஓடினாள். சாம்பல் வெளிச்சத்தில் முன்சீட்டில் அவன் முகம் தெரிந்தது. நல்லபடியாக இறங்கிவிட்டான், திரும்பி என்னைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தாள். கையை ஆட்டினாள். அவன் ஆட்டவில்லை. இன்னும் பத்தடி. நின்றாள்.

தோள்கள் முன்னால் பார்த்திருந்தன. மார்பில் வார் கட்டியபடி இருந்தது. இரண்டு கையும் மடியில் இருந்தன. முகம் மட்டும் முதுகுப் பக்கம் இருந்தது.

கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது, பதில் சொல்லப்போகிற மாதிரி. பின்சீட்டு வார் அவள் கட்டியபடியே சீட்டோடு ஒட்டி இறுகியிருந்தது. சீட்டு காலி.

மேலே ரோட்டர் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கைரேடியோவை எப்போதோ கீழே போட்டிருந்தாள். விசில் நிற்கவில்லை. வரும், நிற்கும். அவள் கழுத்துக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில்.

எதிரே கணவனின் கண்கள் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தன. குருவி திரும்பவில்லை.